அடைக்கலமும் வாடகை அறையும்

2008ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கினேன். முனைவர் பட்ட ஆய்வுக்காகத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சில கோப்புகளைப் பார்க்க வேண்டியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெண்கள் அரசுக்கு எழுதிக்கொடுத்த மனுக்கள் அவை. கையில் இருந்தது 2,500 ரூபாய். ஐந்து இரவுக்கு 1,500 ரூபாய் வாடகை, மீதி சாப்பாட்டுக்கும் ஜெராக்ஸுக்கும் என்று ஊரிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சிங்கிள் ரூம் 300 ரூபாய்க்குக் கிடைக்கும் என்று சொன்னது எங்கள் துறையின் சக ஆய்வாளர். அவர் ஆண். அந்தக் கணக்கு அவருக்குப் பொருந்தும், எனக்குப் பொருந்தாது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதல் லாட்ஜில், "தனியா வந்தா ரூம் கிடையாதும்மா" என்றார்கள். இரண்டாவதில், "கூட யாரு வர்றாங்க?" என்று கேட்டு, யாரும் இல்லை என்றதும் ரிஜிஸ்டரை மூடி வைத்தார்கள். மூன்றாவதில் மேசைக்குப் பின்னால் இருந்த பெரியவர் கொஞ்சம் இரக்கமுள்ளவர். "அப்பா நம்பர் குடும்மா, ஒரு வார்த்தை பேசிடறேன்" என்றார். கொடுத்தேன். அப்பா அங்கே பணிமனையில் இருந்தார். "ஆமா சார், என் மகதான். படிக்கத்தான் வந்திருக்கா" என்று அவர் சொல்வது எனக்கே கேட்டது. அப்போது எனக்கு வயது இருபத்தேழு. "சிங்கிள் ரூம் எல்லாம் ஜென்ட்ஸ் இருக்கிற மாடியில இருக்கு. உங்களுக்கு டபுள் ரூம்தான் சரிப்படும்" என்று 650 ரூபாய்க்கு ஒரு அறை கொடுத்தார். இரண்டு இரவு தங்கினேன். மூன்றாம் நாள் இரவு ரயிலில் ஊர் திரும்பினேன். பார்க்க நினைத்த கோப்புகளில் பாதியைத்தான் பார்க்க முடிந்தது. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் மெலிந்து கிடப்பதை வாய்மொழித் தேர்வில் ஒருவர் குறிப்பிட்டார். காரணம் கேட்டபோது, "தரவுகள் போதவில்லை" என்றேன். ஒரு பொய்யும் இல்லாத பதில்தான் அது. ஆனால் அதில் முழு உண்மையும் இல்லை.

பெருநகரத்துக்கு வரும் பெண் இரவு எங்கே தங்குவாள் என்ற கேள்வியைப் பயணக் குறிப்புகளுக்குரிய சின்ன விஷயம் என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். நம் இலக்கியமும் சினிமாவும் அப்படி ஒதுக்கவில்லை. திரும்பிப் பார்த்தால், முக்கியமான பல பிரதிகள் இந்தக் கேள்வியின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. அதை நாம் வாசிக்காமல் தாண்டிப் போயிருக்கிறோம்.

தமிழின் மிகப் பழைய சாட்சி சிலப்பதிகாரம். கண்ணகியும் கோவலனும் கவுந்தியடிகளோடு மதுரையை அடையும்போது அவர்களின் முதல் பிரச்சினை சிலம்பை விற்பது அல்ல. தங்க இடம். புறஞ்சேரியில், துறவிகள் வாழும் இடத்தில் வந்து சேர்கிறார்கள். தன் நிலையை நகரத்து வணிகருக்கு அறிவித்து வரும்வரை கண்ணகியைப் பார்த்துக்கொள்ளும்படி கவுந்தியிடம் சொல்லிவிட்டுக் கோவலன் உள்ளே போகிறான். அந்தப் பகுதிக்குப் பெயரே ஊர்காண் காதை. அவன் அரச வீதியைப் பார்க்கிறான், கணிகையர் வீதியைப் பார்க்கிறான், மணிகளும் பொன்னும் துணியும் தானியமும் விற்கும் கடைத்தெருக்களைப் பார்க்கிறான். பார்த்து மகிழ்ந்து திரும்பி வருகிறான். திரும்பியவனிடம் நகரத்தின் பெருமை இருக்கிறது, தங்க இடம் இல்லை. நகரத்தைக் காண்பது அவனுக்கு வாய்த்தது. காத்திருப்பது அவளுக்கு. மதுரைத் தெருக்களில் கண்ணகி தன் விருப்பப்படி நடப்பது கணவன் கொலையுண்ட பிறகு, கையில் ஒற்றைச் சிலம்போடுதான்.

அடுத்து வருவது அடைக்கலக் காதை. இது துறவிகளுக்கான இடம், பொழுது சாய்வதற்குள் நகருக்குள் போய்விடுங்கள் என்கிறார் கவுந்தி. அப்போது இயக்கிக்குப் பால்சோறு படைத்துவிட்டு ஆயர் முதுமகள் மாதரி வருகிறாள். அவளிடம் கண்ணகியை ஒப்படைக்கிறார். ஒப்படைக்கும்போது கவுந்தி சொல்வதைக் கவனித்துப் படிக்க வேண்டும். இவள் கணவனின் தந்தை பெயரைக் கேட்டாலே இந்த ஊர் வணிகர்கள் பெரும் செல்வம் கிடைத்ததுபோல் எதிர்கொண்டு அழைத்துப் போவார்கள் என்கிறார். கண்ணகியின் கற்பைப் புகழ்கிறார். அடைக்கலப் பொருளைக் காப்பதன் அருமையைக் கதை சொல்லி விளக்குகிறார். சுருக்கமாகச் சொன்னால், குடும்பத் தலைவனின் பெயரும் நன்னடத்தைச் சான்றும் கொடுத்து ஒரு பெண்ணுக்கு இடம் வாங்குகிறார். எழும்பூர் லாட்ஜ் பெரியவர் என் அப்பாவிடம் ஃபோனில் கேட்டதும் இந்த இரண்டையும்தான்.

மாதரி கொடுத்த இடம் நல்ல இடம். அதை மறைக்கக் கூடாது. ஆயர் வீடுகளின் நெருக்கடி இல்லாத தனிச் சிறுவீடு, செம்மண் பூசி மெழுகியது, காவல் உள்ளது. புதுப் பாண்டங்களும் அரிசியும் காய்களும் கொடுத்து, துணைக்குத் தன் மகள் ஐயையையும் விடுகிறாள். மலிவாகவும் வசதியாகவும் பெருநகரில் ஓர் இடம் என்று நாம் இன்று தேடுவதெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பெயர் அடைக்கலம். அடைக்கலத்தில் பெண் விருந்தாளியாக இல்லை, வாடகைக்கு வந்தவளாகவும் இல்லை. ஒருவர் இன்னொருவரிடம் ஒப்படைத்த பொருளாக இருக்கிறாள். அதன் விலையைக் கடைசியில் கொடுப்பவளும் பெண்தான். அடைக்கலத்தைக் காக்க முடியவில்லை என்று மாதரி தீயில் விழுகிறாள், கவுந்தி உண்ணாநோன்பிருந்து உயிர் விடுகிறார். கோவலனைக் கொன்றது அரசனின் ஆணை. ஆனாலும் பொறுப்பேற்று இறப்பது இடம் கொடுத்த பெண்ணும், இடம் வாங்கித் தந்த பெண்ணும்.

இந்தச் சொல்லை இன்னும் நாம் கைவிடவில்லை என்பதுதான் என் வாதம். நகரத்தில் பெண் தங்குவதை உரிமையாக நாம் பேசுவதே இல்லை. யாரோ ஒருவர் ஏற்றுக்கொள்ளும் பொறுப்பாகவே பேசுகிறோம். "அங்க நம்ம சித்தி வீடு இருக்கு", "நம்ம ஊர்க்காரர் ஒருத்தர் இருக்கார்", "ஹாஸ்டல் வார்டன் நல்ல மாதிரி". எல்லாம் அடைக்கலத்தின் மொழி. இந்த மொழியில் சாதியும் வர்க்கமும் உட்கார்ந்திருக்கின்றன. யாருக்கு நகரத்தில் சித்தி வீடு இருக்கும்? இரண்டு தலைமுறைக்கு முன்பே படித்து வேலைக்கு வந்த குடும்பங்களுக்கு இருக்கும். முதல் தலைமுறையாகப் படித்து, முதல் முறையாக நேர்முகத் தேர்வுக்கு வரும் பெண்ணுக்கு இருக்காது. இருந்தாலும், சித்தி வீட்டில் தங்குவது இலவசம் என்று யார் சொன்னது? காலையில் எழுந்து பாத்திரம் கழுவி, காய் நறுக்கிக் கொடுத்து, மாலை ஆறு மணிக்குள் திரும்பி, யாரைப் பார்த்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்லி அந்த வாடகையைக் கொடுத்தவர்கள் நமக்குள்ளேயே எத்தனையோ பேர்.

வழிப்போக்கருக்குத் தங்குமிடம் கட்டுவதில் நம் வரலாறு ஏழ்மையானது அல்ல. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சத்திரம் ராணி மங்கம்மாள் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி எழுப்பிய சத்திரம், அவர் மணந்துகொள்ளாமல் உடன் வாழ்ந்த முத்தாம்பாளின் பெயரில் இருக்கிறது. ஒரு பெண்ணின் பெயரில் சத்திரம் இருக்கலாம், அதில் இன்னொரு பெண் தன் பெயரில் தங்க முடியுமா என்பது வேறு கேள்வி. சத்திரங்கள் சாதி பார்த்தே இடம் கொடுத்தன என்பதையும் சேர்த்துத்தான் அந்தத் தருமத்தை எடைபோட வேண்டும்.

சத்திரத்துக்குப் பின் வந்தது மேன்சன். இருபதாம் நூற்றாண்டுச் சென்னையில் குறைந்த வாடகைக்கு இருக்க இடம் என்றால் திருவல்லிக்கேணி மேன்சன்தான். வேலை தேடி வந்தவர்கள், உதவி இயக்குநர்கள், எழுத்தாளர்கள், விற்பனைப் பிரதிநிதிகள் எல்லோரையும் தாங்கியது அது. அந்த அறைகளைப் பற்றித் தமிழில் எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. மூட்டைப்பூச்சி, பகிர்ந்துகொண்ட சிகரெட், மாதக் கடைசியின் பசி. படிக்கும்போது எனக்கும் நெஞ்சு கனக்கும். ஆனால் அந்த ஏழ்மைக்குக்கூட ஒரு சலுகை இருந்தது. கையில் காசில்லாத ஆண் ஒரு நண்பனின் அறையில் பாயை விரித்து நகரத்தில் தங்கிவிட முடியும். அந்தப் பாயில் படுத்துக்கொண்டுதான் ஒரு தலைமுறையே இலக்கியமும் சினிமாவும் கற்றது. அதே காசில்லாத பெண்ணுக்கு அந்தப் பாய் கிடையாது. நகரத்து இலக்கியத்தில் பெண்கள் ஏன் குறைவு என்று கேட்பவர்கள் திறமை, ஆர்வம், குடும்பம் என்றெல்லாம் காரணம் சொல்வார்கள். மேன்சனின் வாசலையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

2004இல் வந்த பாலாஜி சக்திவேலின் 'காதல்' படத்தை இந்த வாசலில் நின்று திரும்பப் பார்த்தேன். மதுரையில் இருந்து ஓடிவரும் முருகனும் ஐஸ்வர்யாவும் சென்னையில் தேடிப் போவது மேன்சனில் இருக்கும் நண்பன் ஸ்டீபனை. ஆண்கள் மேன்சனில் அவளுக்கு இடமில்லை. பிறகு மேன்சன்வாசிகளே கூடித் திருமணம் செய்துவைக்கிறார்கள். அந்தக் கல்யாணக் காட்சியின் உற்சாகத்தை நம்மால் மறக்க முடியாது. சாதிக்கு எதிராக நகரத்து ஏழை இளைஞர்கள் சேர்ந்து நிற்கும் காட்சி அது. ஆனால் அதன் அடியில் ஓடும் தர்க்கம் என்ன? அந்தப் பெண்ணுக்கு நகரத்தில் ஓர் இரவு தங்க வழி, மனைவியாவதுதான். பள்ளியில் படிக்கும் வயதுப் பெண் அவள். வேறு ஏதாவது ஓர் இடம், தாலி இல்லாமல், கணவன் இல்லாமல், தன் பெயர் சொல்லி அவள் சில நாள் இருந்து யோசிக்க ஓர் இடம் அந்த நகரத்தில் இருந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்கும்? இந்தக் கேள்வியைப் படம் கேட்கவில்லை. விமர்சகர்களும் கேட்கவில்லை. படம் முடியும்போது மனம் பிறழ்ந்து நிற்கும் முருகனுக்காக அழுதோம். அழ வேண்டியதுதான். ஆனால் இடமின்மை என்பது அவளுக்கு முதல் இரவிலேயே தொடங்கிவிட்டது.

பெண்ணியத்தில் அறை என்றதும் நினைவுக்கு வருவது வர்ஜீனியா வுல்ஃபின் 1929ஆம் ஆண்டு நூல். பெண் எழுதுவதற்குத் தனக்கென ஓர் அறையும் ஆண்டுக்கு ஐந்நூறு பவுண்டும் வேண்டும் என்ற அதன் வாதத்தை வகுப்பறைகளில் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறோம். அந்த அறை சொந்த அறை, நிலையான அறை, எழுதுமேசை உள்ள அறை. நான் கவனப்படுத்த விரும்புவது நூலின் தொடக்கத்தில் வரும் வேறொரு வாசலை. பல்கலைக்கழக நூலகத்துக்குள் நுழையப் போகும் பெண்ணை ஒருவர் தடுக்கிறார். கல்லூரி உறுப்பினர் ஒருவர் கூட வந்தாலோ, அறிமுகக் கடிதம் இருந்தாலோதான் பெண்களுக்கு அனுமதி என்கிறார். ஆள் துணை அல்லது ஆளின் கடிதம். கென்னத் லேனில் எனக்கு நேர்ந்ததற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை. அந்த ஐந்நூறு பவுண்டு எங்கிருந்து வந்தது என்பதும் வேடிக்கையானது. பம்பாயில் குதிரையில் இருந்து விழுந்து இறந்த ஓர் அத்தை எழுதிவைத்த பணம். காலனியாதிக்கத்தின் பணம் அது என்பது ஒரு வாசிப்பு. அதோடு, வீட்டைவிட்டுக் கிளம்பி ஒரு பெருநகரத்துக்குப் போய் வெளிக்காற்றில் குதிரையேறித் திரிந்த ஒரு பெண்ணின் பணம் என்பதும் சேரட்டும். சொந்த அறைக்கு முன்னால் ஒரு பயணம் இருக்கிறது. பயணத்துக்கு ஓர் இரவு அறை வேண்டும். சொந்த அறையைப் பற்றி இவ்வளவு பேசிய நாம் வாடகை அறையைப் பற்றிப் பேசவில்லை.

நியூயார்க் இதைப் பேசியிருக்கிறது. மேல்நாட்டில் பெண்கள் எப்போதும் தாராளமாகத் தங்கினார்கள் என்ற எண்ணம் தவறு. துணையில்லாமல் இரவில் வரும் பெண்ணை அங்கும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். 1907இல் ஹேரியட் ஸ்டான்டன் பிளாட்ச் என்ற வாக்குரிமைப் போராளியும் அவருடைய தோழியும் ஹாஃப்மன் ஹவுஸ் என்ற ஓட்டலின் உணவகத்துக்குப் போனபோது, ஆண் துணை இல்லை என்று பரிமாற மறுத்தார்கள். பிளாட்ச் வழக்குத் தொடுத்தார், தோற்றார். 1903இலேயே பெண்களுக்கென மார்த்தா வாஷிங்டன் ஓட்டல் அங்கே திறக்கப்பட்டிருந்தது. 1920களின் இறுதியில் பார்பிஸன் வந்தது. பார்பிஸனில் தங்கப் பரிந்துரைக் கடிதங்கள் வேண்டும், ஆண்கள் மாடிக்கு வர முடியாது. 1953இல் ஒரு பத்திரிகைப் பணிக்காக அங்கே தங்கிய சில்வியா பிளாத், தன் 'தி பெல் ஜார்' நாவலில் அதை அமேசான் என்ற பெயரில் எழுதினார். தங்கள் மகள்களை ஆண்கள் நெருங்க முடியாத இடத்தில் வைக்க நினைத்த பணக்காரப் பெற்றோர்கள் தேர்ந்தெடுக்கும் ஓட்டல் அது. எஸ்தர் தன் கடைசி இரவில் மொட்டைமாடிக்குப் போய், நகரத்துக்காக வாங்கிய உடைகளை ஒவ்வொன்றாகக் காற்றில் விடுகிறாள். பாதுகாப்பான அறை அவளைக் காப்பாற்றவில்லை. ஆனால் அந்த அறை இல்லாவிட்டால் அவள் நியூயார்க்கையே பார்த்திருக்க மாட்டாள். பெண்களுக்கென்று தனியாகக் கட்டப்படும் எல்லா இடங்களுக்கும் இந்த இரட்டைத் தன்மை உண்டு. கதவைத் திறந்துவிடும் அதே கை மணியையும் அடிக்கிறது.

தில்லியில் 2015இல் தொடங்கிய பிஞ்ச்ரா தோட் இயக்கம் விடுதிகளின் இந்த மணியைத்தான் எதிர்த்தது. ஷில்பா பாட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை ஆராய்ந்து 2011இல் எழுதிய 'ஒய் லாய்ட்டர்?' நூலின் வாதமும் இங்கே உதவும். பொது இடத்தில் இருக்கும் பெண் தனக்கு ஒரு நோக்கம் இருக்கிறது என்று ஓயாமல் நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்கிறார்கள். அவர்கள் கேட்பது பாதுகாப்பை மட்டும் அல்ல, ஆபத்தைத் தானே ஏற்கும் உரிமையையும். லாட்ஜ் மேசையில் நானும் நோக்கத்தைத்தான் நிரூபித்தேன். பல்கலைக்கழகக் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். கடிதம் இல்லாமல், மெரினாவைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் வந்திருந்தால்?

அப்படி வெறுமனே ஊர் பார்க்கப் போன பெண்ணாக நாம் கொண்டாடியவள் 2014இல் வந்த 'குயீன்' இந்திப் படத்தின் ராணி. திருமணம் நின்றுபோக, தேனிலவுக்கு என்று பதிவு செய்த பயணத்தில் தனியாகவே பாரிஸுக்கும் ஆம்ஸ்டர்டாமுக்கும் போகிறாள். ஆம்ஸ்டர்டாமில் ஒரு விடுதியில் மூன்று அந்நிய ஆண்களோடு ஒரே அறையில் தங்க நேர்கிறது. முதலில் பயப்படுகிறாள், பிறகு நண்பர்களாகிறார்கள். படுக்கைக்கு மட்டும் வாடகை கொடுக்கும் மலிவான விடுதியை ஓர் இந்தியப் பெண்ணின் விடுதலைக்கான இடமாகக் காட்டியது படத்தின் சாதனை. என் மாணவிகள் அந்தக் காட்சிகளைக் கைதட்டிப் பார்த்தார்கள். குறையையும் சொல்ல வேண்டும். இந்தச் சுதந்திரம் பாரிஸிலும் ஆம்ஸ்டர்டாமிலும்தான் நடக்கிறது. ராணி தில்லியில் இருந்து கிளம்பி, தனியாக, முன்பதிவு இல்லாமல், இரவு ஒன்பது மணிக்கு நம் ஊர் ஒன்றின் பேருந்து நிலையத்தில் இறங்கியிருந்தால் அந்தப் படம் பத்து நிமிடத்தில் வேறு படமாகியிருக்கும். வெளிநாட்டில் விடுதலையைக் காட்டுவது, உள்ளூர் ரிஜிஸ்டரைத் திறக்காமல் தப்பிக்கும் வழியும்கூட.

அந்த ரிஜிஸ்டருக்கு வருவோம். தனியாக வரும் பெண்ணுக்கு அறை மறுப்பது வழக்கமே தவிர சட்டம் அல்ல. அரசியலமைப்பின் 15(2) கூறு, மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் மட்டும் எந்தக் குடிமகனையும் கடைகள், பொது உணவகங்கள், ஓட்டல்கள், பொதுப் பொழுதுபோக்கு இடங்களுக்குள் நுழைவதில் தடுக்கக் கூடாது என்கிறது. ஓட்டல் என்ற சொல்லே அதில் இருக்கிறது. தீண்டாமையின் அனுபவத்தில் இருந்து பிறந்த பிரிவு அது. அதே வரியில் பாலினமும் எழுதப்பட்டிருப்பதை நாம் போதுமான அளவு பயன்படுத்தவில்லை. 2019 டிசம்பரில், கோயம்புத்தூரில் முத்திரையிட்டு மூடப்பட்ட ஒரு தங்குமிடம் பற்றிய வழக்கில், திருமணமாகாத ஆணும் பெண்ணும் ஓர் அறையில் தங்குவதைக் குற்றமாக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. இருவராகத் தங்குவதற்கே தடையில்லை என்றால், ஒருத்தி தனியாகத் தங்குவதற்கு என்ன தடை?

லாட்ஜ்காரர்களிடம் கேட்டால் வேறு காரணம் சொல்வார்கள். "போலீஸ் வந்தா நாங்கதானே பதில் சொல்லணும்", "தற்கொலை கிற்கொலை பண்ணிக்கிட்டா?" என்பார்கள். அவர்கள் பயம் முழுக்கப் பொய்யில்லை. சோதனைக்கு வரும் காவலரின் பார்வையில் தனிப் பெண் இருக்கும் அறை சந்தேகத்துக்குரிய அறை. ஆக, லாட்ஜ் மேசையில் இருப்பவர் கதவை மூடுவது தன் ஒழுக்கத்தைக் காக்க மட்டும் இல்லை, காவல் நிலையத்தின் ஒழுக்கக் கணக்கையும் அவர் சுமக்கிறார். இதில் மிக மோசமாக அடிபடுகிறவர்கள் நாம்கூட இல்லை. அடையாள அட்டையில் ஒரு பெயரும் உருவத்தில் வேறொன்றும் இருக்கும் திருநங்கையர், பெயரைப் பார்த்ததும் "ரூம் இல்ல" என்று கேட்கப் பழகிய இஸ்லாமியப் பெண்கள், பாலியல் தொழிலாளி என்று முத்திரை குத்தப்படுகிறவர்கள். நல்ல பெண் என்று நிரூபித்து உள்ளே போகும் ஒவ்வொரு முறையும், நிரூபிக்க முடியாதவளுக்கு வெளியே நிற்பதுதான் சரி என்று நாமும் கையெழுத்துப் போடுகிறோம். என் பல்கலைக்கழகக் கடிதத்தைப் பற்றி எனக்கு இருக்கும் கூச்சம் இதுதான்.

பணக் கணக்கையும் பார்க்க வேண்டும். நாளுக்கு ஆயிரம் ரூபாய் வரை வாடகையுள்ள அறைகளுக்கு இருந்த ஜி.எஸ்.டி. விலக்கு 2022 ஜூலை 18 முதல் எடுக்கப்பட்டு, 12 சதவீதம் விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. 2024 ஜூலையில், மாதம் 20,000 ரூபாய்க்கு மேற்படாத தங்குமிட வாடகைக்கு விலக்கு கொடுத்தபோது, தொடர்ந்து குறைந்தது 90 நாள் தங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. மாதக்கணக்கில் இருப்பவளுக்கு விலக்கு உண்டு, மூன்று நாள் வருபவளுக்கு இல்லை. இவை ஆண் பெண் இருவருக்கும் பொதுவான வரிகள். இவற்றுக்கு மேல் பெண் மட்டும் கட்டும் வரி ஒன்று இருக்கிறது. சிங்கிள் ரூமுக்குப் பதில் டபுள் ரூம். நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சந்துக்குப் பதில் பெரிய சாலையில் இருக்கும், விலை கூடிய ஓட்டல். பொதுக் கழிப்பறைக்குப் பதில் அறைக்குள்ளேயே குளியலறை. இரவில் நடப்பதற்குப் பதில் ஆட்டோ. 2008இல் இந்த வரி எனக்கு ஓர் இரவுக்கு 350 ரூபாய். அதைக் கட்ட முடியாததால் மூன்று நாளைக் கொடுத்தேன்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2014இல் பெண்கள், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு தனிச் சட்டம் கொண்டுவந்தது. பணிபுரியும் மகளிர் விடுதிகளுக்கென ஓர் அரசுக் கழகம் இருக்கிறது. 2023 ஜூலையில் கூடுவாஞ்சேரியில் தோழி விடுதி திறக்கப்பட்டது, வேறு ஊர்களிலும் தோழி விடுதிகள் இயங்குகின்றன. மாதக்கணக்கில் மட்டுமின்றிச் சில நாட்களுக்கும் அங்கே தங்கலாம் என்பது பெரிய விஷயம். மாணவிகள் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். என் விமர்சனம் பெயரில் இருக்கும் "பணிபுரியும்" என்ற சொல்லைப் பற்றியது. ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையில் மகனைச் சேர்த்துவிட்டு வராந்தாவில் படுத்திருக்கும் தாய் எந்தப் பணியில் இருக்கிறாள்? தேர்வெழுத முந்தின நாள் வரும் பெண்? வழக்குக்கு வாய்தா வாங்கி வருபவள்? 2021 மே முதல் நம் பெண்கள் நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் போகிறார்கள். பகலில் பெண் எங்கே வேண்டுமானாலும் போகட்டும் என்று அரசு ஒப்புக்கொண்டிருக்கிறது, எதற்குப் போகிறாய் என்று கேட்பதில்லை. அதே எளிமையோடு இரவையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு பெரிய பேருந்து நிலையத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நடந்து போகும் தூரத்தில், காரணம் கேட்காத சில படுக்கைகள்.

வசதி என்ற சொல்லையும் நம் கையில் எடுத்துக்கொள்வோம். ஓட்டல் விளம்பரத்தில் வசதி என்றால் குளிர்சாதனம், தொலைக்காட்சி, காலைச் சிற்றுண்டி. என் வசதி வேறு. உள்ளிருந்து விழும் உறுதியான தாழ்ப்பாள். குளியலறையில் ஓட்டை இல்லாத கதவு. நாப்கினைப் போட மூடியுள்ள ஒரு கூடை. நடைக்கூடத்தில் அணையாத விளக்கு. நள்ளிரவில் கதவைத் தட்டி "தண்ணி வேணுமா மேடம்" என்று கேட்காத பையன். இவற்றில் எதுவும் விலை உயர்ந்தது அல்ல. எழும்பூர் அறையில் இரண்டு இரவும் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு, விளக்கை அணைக்காமல், பாதித் தூக்கம் தூங்கினேன். காலையில் கோப்பைத் திறந்தால் எழுத்து மங்கியது. நன்றாகத் தூங்கி எழுந்தவர் படிப்பதற்கும், காவலிருந்து எழுந்தவர் படிப்பதற்கும் வேறுபாடு உண்டு. அறிவுலகம் அதை மதிப்பெண்ணில் மட்டும் பார்க்கிறது.

2019இல் மறுபடி அந்த ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். கல்லூரி வேலை, மாதச் சம்பளம், ஓரளவு நரைத்த தலை. 1,800 ரூபாய் அறை, யாரையும் ஃபோனில் கூப்பிடவில்லை. விட்டுப்போன கோப்புகளை மூன்று நாள் உட்கார்ந்து படித்தேன். ஆய்வேட்டுக்கு அவை இனி உதவாது. நரையும் சம்பளமும் எனக்கு வாங்கிக் கொடுத்த அந்த அறையை விடுதலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன ஆண்டு என் மாணவி ஒருத்தி தேர்வுக்காகச் சென்னை கிளம்பினாள். முன்னதாகவே பதிவு செய்திருந்தாள். இரவு எட்டரை மணிக்கு லாட்ஜில் இருந்து என்னைக் கூப்பிட்டாள். "மேம், அப்பா நம்பர் கேக்குறாங்க. அப்பா இறந்துட்டார்னு சொன்னேன். அப்ப வேற ஜென்ட்ஸ் நம்பர் குடுன்னு சொல்றாங்க. என்ன செய்ய?" ஃபோனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன். இருபதாண்டு ஆசிரியை என்ற குரலில் பேசினேன். சட்டத்தைச் சொன்னேன், கொஞ்சம் மிரட்டினேன். அறை கொடுத்தார்கள். ஃபோனை வைத்த பிறகுதான் உறைத்தது. சட்டம் பேசினாலும் நான் அந்த இடத்தில் கவுந்தியாகத்தான் நின்றிருந்தேன். என் பெயரைச் சொல்லி அவளுக்கு அடைக்கலம் வாங்கிக் கொடுத்திருந்தேன். அவள் ரிஜிஸ்டரில் தன் பெயரை எழுதியது அதற்குப் பிறகுதான்.